பாலக்காடு, பொள்ளாச்சி பக்கம் பரிசோதனைக்கு எங்கே போவது? நம்மைப் போன்றவர்களுக்குக் குழு ஏதாவது இருக்கிறதா?

பனைநிழல்

வணக்கம். ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம், வேலை கஞ்சிக்கோட்டில், ஷிஃப்ட். வயது 26. எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆப்பில் பழக்கமான ஒருவரோடு இருந்தபோது காண்டம் கிழிந்துவிட்டது. ஒன்றரை மாதம் இருக்கும். காய்ச்சல், புண் எதுவும் இல்லை, ஆனால் மனசு கேட்கவில்லை. எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்குப் போனால் சாயங்காலத்துக்குள் சித்திக்குத் தெரிந்துவிடும். அங்கே இருக்கும் நர்ஸ் எங்கள் தெரு. பொள்ளாச்சி போவதா, பாலக்காடு போவதா? ஆதார் கேட்பார்களா?

இன்னொன்று. கொச்சியில் குழுக்கள் இருப்பது தெரியும். ஒரு ஆன்லைன் கூட்டத்தில் உட்கார்ந்தும் பார்த்தேன். நல்லவர்கள்தான். ஆனால் பேச்சில் பாதி இங்கிலீஷ், மீதி பத்திரிகை மலையாளம். எனக்கு மலையாளம் கடைத்தெரு அளவுக்குத்தான். நம்ம தமிழில் பேச இந்தப் பக்கம் யாராவது உண்டா?

ஆழியாறு

தம்பி, இரண்டு பக்கமும் போகலாம், இரண்டு பக்கமும் இலவசம். போர்டுதான் வேறு. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் அறைக்கு நம்பிக்கை மையம் என்று பெயர், கேரளத்தில் ஜோதிஸ். பால்வினை நோய் பார்க்கும் இடம் நம்ம பக்கம் சுக வாழ்வு மையம், அந்தப் பக்கம் புலரி. எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அங்கே உஷஸ் என்று பெயர். எல்லாம் நாகோ என்ற தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்கள் நடத்துபவை. போர்டில் எச்.ஐ.வி. என்று பெரிதாகப் போட மாட்டார்கள், அதனால் புதிதாக வருகிறவர் வராந்தாவில் நாலு சுற்று சுற்றுவார். யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தால் டி.பி. பிரிவு எங்கே என்று கேளுங்கள். பல ஆஸ்பத்திரிகளில் இரண்டும் அக்கம்பக்கம்தான், டி.பி.க்கு வழி கேட்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உள்ளே போனால் ஒரு மேஜை, ஒரு ரிஜிஸ்டர், படம் போட்ட ஒரு ஃபிளிப் சார்ட், காண்டம் போட்டுக் காட்டுவதற்கு மரத்தில் செய்த ஒரு மாதிரி. அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், ஆலோசகர்களுக்குப் பழக்கம்தான். யாரோடு உறவு, எந்த வகை உறவு என்று கேட்பார்கள். பலர் இங்கே கூசிப்போய் "பொம்பளைங்ககிட்ட போனேன்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். அப்படிச் சொன்னால் அந்த வகைக்கு உண்டான சோதனையோடு அனுப்பிவிடுவார்கள். ஆண்களோடு என்று சொல்லுங்கள். உங்கள் ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் ரத்தம் எடுக்க வேண்டும், அது சட்டம். ஆதார் இல்லாமலே பரிசோதிக்கலாம். போன் நம்பர் கேட்பார்கள், சரியான நம்பரைக் கொடுங்கள். ரிசல்ட் வாங்காமல் போனவர்களைத் தேடுவதற்காகத்தான் அது.

பொள்ளாச்சி, கோவை பக்கம் களப்பணி பார்த்தவன் நான். இரண்டாவது கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

லேப்கோட்டு

ஒன்றரை மாதம் என்பதால் ஒரு விஷயம். அரசு மையத்தில் விரைவுப் பரிசோதனைக் கிட் பயன்படுத்துவார்கள். அது ஆன்டிபாடி, அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பொருளைப் பார்ப்பது. முதல் கிட்டில் ரியாக்டிவ் (தொற்று இருக்கலாம்) என்று வந்தால் வேறு இரண்டு வகைக் கிட்டிலும் பார்த்த பிறகுதான் பாசிட்டிவ் என்பார்கள், அதனால் ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு இடிந்துபோக வேண்டாம். தனியார் லேபில் நாலாம் தலைமுறைப் பரிசோதனை என்று கேட்டால் கிருமியின் புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். 45 நாள் கழிந்த பிறகு அதில் நெகட்டிவ் வந்தால் ஏறக்குறைய நிம்மதியாக இருக்கலாம். எப்படி இருந்தாலும் இப்போது ஒன்று, மூன்று மாதம் முடிந்ததும் ஒன்று.

எச்.ஐ.வி.யோடு நிறுத்தாதீர்கள். சிபிலிசுக்கு ஆர்.பி.ஆர். என்ற ரத்தச் சோதனை, ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் கேளுங்கள். கொனோரியா, கிளமிடியா ஆசனவாயிலோ தொண்டையிலோ இருந்தால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. சிறுநீர்ச் சோதனையிலும் தெரியாது. சீழ், எரிச்சல், ரத்தம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அரசு கிளினிக்கில் அதற்கென்று சாம்பல் நிறப் பெட்டியில் மாத்திரை இருக்கிறது, அங்கேயே விழுங்கிவிட்டு வரலாம்.

அப்புறம், காண்டம் கிழிந்தது என்றீர்களே, எதைத் தடவினீர்கள்?

பனைநிழல்

தேங்காய் எண்ணெய். நம்ம வீடுகளில் வேறு என்ன இருக்கும்?

லேப்கோட்டு

நினைத்தேன். காண்டம் லேட்டக்ஸ் ரப்பர். எண்ணெய் பட்டால் சில நிமிஷங்களிலேயே ரப்பர் நைந்துவிடும். தேங்காய் எண்ணெய், வாசலின், பாடி லோஷன் எல்லாம் ஒன்றுதான். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். களப்பணித் திட்டங்களில் காண்டத்தோடு சேர்த்து இலவசமாகவும் கொடுப்பார்கள். கேரளத்தில் அந்தத் திட்டங்களுக்குச் சுரக்ஷா என்று பெயர்.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும். கிழிந்தது தெரிந்த உடனே ஓடினால் பெப் என்று ஒரு வழி உண்டு. 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் மாத்திரை. அரசு ஆஸ்பத்திரியில் அதைப் பெரும்பாலும் ஊசி குத்திக்கொண்ட ஊழியர்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் என்றுதான் வைத்திருப்பார்கள். நாம் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கும். வாதாடுங்கள்.

ஏலக்காடு

நான் கம்பம் பக்கம், குமுளி மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். எனக்கு இரண்டு பக்கமும் ஈர்ப்பு உண்டு. மனைவியை ஏமாற்றுகிறேனா என்று இங்கே சண்டை வேண்டாம், அதை நான் என்னோடே போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கீழே தெரிந்தவர் பார்த்துவிடுவார்கள் என்று மலைமேல் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினேன். சிபிலிஸ் என்றார்கள். இடுப்பில் பென்சிலின் ஊசி. முன்கையில் டெஸ்ட் டோஸ் குத்திக் காத்திருக்கச் சொல்லி அப்புறம் போடுவார்கள். போட்ட பிறகு ஜீப்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடியும். காலையில் தோட்டத்துக்கு ஏறும் ஜீப்பின் நெருக்கடி தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எப்போது தொற்றியது என்று தெரியாததால் வாரம் ஒன்றாக மூன்று ஊசி. இரண்டாவது வாரம் அங்கே மருந்து இல்லை. சரி என்று கீழே இறங்கி வேறு இடத்தில் கேட்டால், "முதல் ரிப்போர்ட்டில் டைட்டர் எவ்வளவு?" என்கிறார் டாக்டர். என் கையில் இருந்த சீட்டில் ஊசி போட்டாச்சு என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. மறுபடி முதலிலிருந்து ரத்தம், மறுபடி ஊசி.

ஆகவே எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆர்.பி.ஆர். ரிப்போர்ட்டில் 1:32, 1:16 என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அதை போட்டோ எடுத்து வையுங்கள். குணமாகிறதா என்று அந்த எண் இறங்குவதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். சீட்டு ஒரு மாநிலத்தில், ஆள் ஒரு மாநிலத்தில் என்று ஆகிவிட்டால் அந்த எண் இல்லாமல் டாக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

"மனைவியை அழைத்து வாருங்கள்" என்றார்கள். அந்த இடத்தில்தான் நிறையப் பேர் காணாமல் போகிறார்கள். நானும் போயிருப்பேன். மதுரைப் பக்கம் ஒரு குழுவில் இருக்கும் அண்ணன் ஒருவர் சொன்னார்: "உன் உடம்பில் ஒரு தொற்று இருக்கிறது, வீட்டில் இருவரும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள் என்பது பொய் இல்லையே, அதை மட்டும் சொல்." ஆலோசகரும் அதற்கு மேல் என் மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு நெகட்டிவ். இருந்தாலும் முன்னெச்சரிக்கைக்கு அவளுக்கும் ஒரு ஊசி போட்டுத்தான் அனுப்பினார்கள்.

கல்பாத்தி_காபி

எல்லாம் பயனுள்ள தகவல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்தப் பையன் இரண்டு கேள்வி கேட்டான். முதல் கேள்விக்கு ரத்தம், ஊசி, மாத்திரை என்று பக்கம் பக்கமாகப் பதில். பேச ஆள் உண்டா என்ற இரண்டாவது கேள்விக்கு "பிறகு வருகிறேன்". நம்மைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே கடைசியில் லேபில்தான் போய் நிற்கிறோம். நம் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப் பிரிவு, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. நாம் குற்றவாளி இல்லை என்று ஆன பிறகும் நோயாளிப் பட்டியலிலிருந்து இறங்க முடியவில்லை. ஒரு ஆணும் பெண்ணும் காதலித்தால் "முதலில் வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் சோதனை) பார்த்தாயா" என்று யாராவது கேட்கிறார்களா?

ஆழியாறு

கேட்க வேண்டியதுதான், கேட்பதில்லை! விளையாட்டுக்குச் சொல்கிறேன். உங்கள் கோபம் நியாயம். கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1986இல் சென்னையில். அதனால் பணமும் தமிழ்நாட்டுக்குச் சீக்கிரம் வந்தது. 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். 1995இல் அமெரிக்க உதவியோடு சென்னை வி.எச்.எஸ். ஆஸ்பத்திரி நடத்திய ஏபேக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம். 2003இல் கேட்ஸ் அறக்கட்டளையின் அவாஹன் என்ற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம், ஆறு மாநிலங்களில். அதில் தமிழ்நாடும் ஆந்திராவும் உண்டு, கேரளம் இல்லை. அதனால்தான் அந்தக் காலத்தில் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் காண்டம் கொடுக்க ஆள் இருந்தது, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் காற்று வாங்கியது. வாளையாறு லாரிகளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் கவனிப்பு, லாரிக்காரர்கள் தனி லிஸ்ட்.

அப்போது 377 உயிரோடு இருந்தது. "ஆண்களை விரும்பும் ஆண்கள் சங்கம்" என்று பதிவு செய்யப் போனால் பதிவாளர் போலீஸைக் கூப்பிட்டிருப்பார். அரசாங்கம் நமக்குத் திறந்து வைத்த ஒரே கதவு சுகாதாரத் துறைக் கதவு. அதன் வழியாகத்தான் நுழைந்தோம். சென்னையில் சகோதரன் என்ற நம் அமைப்பு 1998இல் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். ரத்தப் பரிசோதனை என்ற பேரில் வாடகைக்கு ஒரு மாடி எடுத்தோம். டிராப் இன் சென்டர் என்று கணக்கில் எழுதுவார்கள். நாங்கள் சொன்னது "மாடி". அங்கே ஆளுயரக் கண்ணாடி ஒன்று, டி.வி. ஒன்று, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் டீ. காண்டம் பெட்டி மூலையில் கிடக்கும். வந்தவர்களில் பெரும்பாலோர் காண்டத்துக்காக வரவில்லை, அந்தக் கண்ணாடிக்காக வந்தார்கள். வீட்டில் மை போட முடியாது, புடவைத் தலைப்பைத் தோளில் போட்டுப் பார்க்க முடியாது, இங்கே முடியும். மில் ஷிஃப்ட் முடிந்து, தேங்காய் மண்டி அடைத்து, வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து சிரித்துவிட்டுப் போவார்கள். மாதக் கடைசியில் எத்தனை பேருக்குப் பரிசோதனை, எத்தனை காண்டம் என்று டார்கெட் வரும்போது, அந்த உட்கார்ந்து சிரித்தவர்களைத்தான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம். வந்தார்கள். தெருவில் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட்டால் ஒருத்தரும் வந்திருக்க மாட்டார்கள்.

திட்டம் கை மாறியது, பணம் சுருங்கியது, மாடிக்கு வாடகை கொடுக்க வழியில்லை. கண்ணாடியை யார் எடுத்துப் போனார்கள் என்று இன்றுவரை தெரியாது. பரிசோதனை மட்டும் மிஞ்சியது. அதனால் உங்களுக்கு லேப் மட்டும் கண்ணில் படுகிறது.

நோயாளிப் பட்டியல் என்கிறீர்கள். நாகோவின் கண்காணிப்புக் கணக்கில் நாட்டின் வயது வந்தோரில் எச்.ஐ.வி. 0.2 சதவீதம் அளவில், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் 3.3 சதவீதம் அளவில். ஆசனவாய்ச் சவ்வு மெல்லியது என்பது ஒரு காரணம். ஒளிந்து வாழ்வதால் டாக்டரிடம் உண்மையைச் சொல்ல முடியாதது அதைவிடப் பெரிய காரணம். இந்த இரண்டாவது காரணத்துக்கு மருந்துக்கடையில் மாத்திரை இல்லை. நீங்கள் கேட்கும் குழுதான் மருந்து. ஆகவே நாம் இருவரும் ஒன்றைத்தான் கேட்கிறோம்.

கல்பாத்தி_காபி

அண்ணா, கண்ணாடிக் கதைக்கு நன்றி. ஆனாலும் விட மாட்டேன். உங்கள் மாடிக்கு வந்தவர்கள் யார்? கோத்திகள் (பெண்மைச் சாயல் உள்ள ஆண்கள்), பார்க்கிலும் பஸ் ஸ்டாண்டிலும் கண்ணுக்குத் தெரிந்தவர்கள். களப்பணியாளரின் வரைபடத்தில் அவர்கள்தான் புள்ளி. மீசை வைத்துக்கொண்டு ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவன், ஏலக்காடு அண்ணனைப் போலக் குடும்பஸ்தன், ராத்திரி ஷிஃப்டில் ஆப்பைத் திறந்து பார்க்கிற பனைநிழல், இவர்கள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. இப்போது நாகோவே ஆன்லைன் களப்பணி என்று ஆப்புகளுக்குள் ஆள் அனுப்புகிறது. ஆனால் ஆப்பில் "ஹாய், டெஸ்ட் எடுத்தீங்களா" என்று மெசேஜ் வந்தால் நான் பிளாக் செய்துவிடுவேன். டீ எங்கே?

ஆழியாறு

சரியாகப் பிடித்தீர்கள். அந்த வரைபடத்தை நானே போட்டிருக்கிறேன். பஸ் ஸ்டாண்ட், சந்தை, தியேட்டர் பின்பக்கம், அவ்வளவுதான் அதில் இருக்கும். போனுக்குள் இருக்கும் சந்தையை எந்த வரைபடத்தில் போடுவது?

வழிகாட்டி_77

சகோதரர்களே, இதிலிருந்து வெளியே வர வழி உண்டு. திருச்சூர் அருகே ஒரு கவுன்சலிங் சென்டரில் மூன்று மாதத்தில் மாற்றிக் காட்டுகிறார்கள். என் உறவுக்காரப் பையன்

மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவின் மீதியும் அதில் இருந்த போன் நம்பரும் நீக்கப்பட்டன. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று கொடுத்த உத்தரவு இப்படி "மாற்றும்" சிகிச்சையைத் தடை செய்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் இதை மருத்துவர்களின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990இல். இந்த இழையில் அதற்கு விளம்பரம் கிடையாது. மனசு தாங்கவில்லை என்றால் டெலிமானஸ் 14416, கேரளத்தில் திஷா 1056. எச்.ஐ.வி. சம்பந்தமாகக் கேட்க 1097. மூன்றும் இலவசம்.

ரப்பர்பால்

படித்துக்கொண்டே இருந்தேன், எழுதலாமா என்று யோசனை. எழுதுகிறேன். நான் பாசிட்டிவ். களியக்காவிளை பக்கம் வீடு, புனலூர் பக்கம் ரப்பர் வெட்டு. ராத்திரி ஒரு மாத்திரை, டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒன்றில் அடக்கம். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமியின் அளவு, கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. அப்படி இருக்கும்வரை உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்றாது. இதை டாக்டர் சொன்னபோது என் துணையும் பக்கத்தில் இருந்தார். வெளியே வந்து இரண்டு பேரும் பொரித்த நேந்திரங்காய் வாங்கித் தின்றோம், வேறென்ன செய்வது என்று தெரியாமல்.

முன்பு சி.டி.4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை குறைந்தால்தான் மருந்து. 2017 முதல் கண்டுபிடித்த உடனே மருந்து. எந்த மாநிலத்துக்காரர் எந்த மாநிலத்திலும் வாங்கலாம். வேலை மாறும்போது மட்டும் பழைய மையத்தில் சொல்லி ட்ரான்ஸ்ஃபர் வாங்குங்கள், மையத்தில் கொடுத்த பச்சை நோட்டைத் தொலைக்காதீர்கள். சொல்லாமல் கிளம்பினால் அங்கே மருந்தை விட்டுவிட்டவர் என்று எழுதிவைத்துத் தேடுவார்கள். வீட்டுக்கே போன் வரலாம், அது வேண்டாம். நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்தை ஒரே தடவையாகவும் கொடுக்கிறார்கள், கேளுங்கள். என் நிலையை என் சம்மதம் இல்லாமல் யாரும் வெளியே சொல்லக் கூடாது, அதை வைத்து வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று 2017இல் சட்டம் வந்தது, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. முதலாளிக்கு அது தெரியுமா என்பது வேறு கதை.

வாளையார்_வண்டி

பிரெப் என்று ஒரு மாத்திரை முன்கூட்டியே போட்டால் வராது என்கிறார்களே, உண்மையா? எங்கே கிடைக்கும்?

லேப்கோட்டு

உண்மை. டெனோபோவிரும் எம்ட்ரிசிடபினும் சேர்ந்த மாத்திரை. தினம் ஒன்று என்பது ஒரு முறை. எப்போதாவது மட்டும் உறவு வைக்கும் ஆண்களுக்கு இன்னொரு முறை: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு இரண்டு மாத்திரை, அந்த முதல் டோஸிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48 மணி நேரத்தில் ஒன்று. ஹெபடைடிஸ் பி இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது முறை கூடாது. நாகோ 2022இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, ஆனால் எல்லா அரசு மையத்திலும் இலவசமாகக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். டாக்டர் சீட்டோடு கோவை, கொச்சி போன்ற நகரங்களில் பெரிய மருந்துக்கடைகளில் வாங்க வேண்டியிருக்கும். ஆரம்பிக்கும் முன் எச்.ஐ.வி. நெகட்டிவ் என்று உறுதியாக வேண்டும், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். இது எச்.ஐ.வி.யை மட்டும்தான் தடுக்கும். சிபிலிஸ் இதைக் கண்டு பயப்படாது.

நீண்ட தூர வண்டி ஓட்டுகிறவர் என்றால் கையில் நாலு மாத்திரை வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் டாக்டரைப் பார்க்காமல் நண்பரின் பாட்டிலிலிருந்து எடுத்துப் போடாதீர்கள்.

செங்கோட்டை_பாசஞ்சர்

ஒரு எச்சரிக்கையும் இந்த இழையில் இருக்கட்டும். ஆப்பில் பேசி, "மலைப்பக்கம் வா, ஆள் இல்லாத இடம்" என்று கூப்பிட்டு, நாலு பேர் சேர்ந்து வீடியோ எடுத்து, ஜிபேயில் பணம் பிடுங்கும் கும்பல் எல்லைப் பக்கம் உண்டு. என் நண்பனை ஆரியங்காவு தாண்டிக் கூட்டிப்போய்ச் செய்தார்கள். இந்தப் பக்கப் போலீஸ் "சம்பவம் கேரளாவில்" என்றது, அந்தப் பக்கம் "நீ தமிழ்நாட்டுக்காரன்" என்றது. எல்லையைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம், பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையில் மிரட்டிப் பணம் பறிப்பது 308ஆம் பிரிவு. பணம் போன உடனே 1930க்குப் போன் போட்டால் சில நேரம் கணக்கை முடக்க முடியும். நீங்கள் ஆணோடு போனது குற்றம் இல்லை, மிரட்டியதுதான் குற்றம். இதை ஸ்டேஷனில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். தனியாகப் போகாதீர்கள், முடிந்தால் வக்கீலோடு போங்கள்.

கும்பல் வன்முறை வரை போயிருந்தால் இன்னும் சிக்கல். 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தபோது 377ஐ மொத்தமாக எடுத்துவிட்டார்கள். ஒரு ஆணை இன்னொரு ஆண் வன்புணர்ந்தால் அதற்கென்று தனிப் பிரிவே இல்லாமல் போய்விட்டது. காயம், அடைத்து வைத்தல் என்று வேறு பிரிவுகளில்தான் போட வேண்டியிருக்கிறது.

பனைநிழல்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஆழியாறு அண்ணா, என் இரண்டாவது கேள்வி இன்னும் பாக்கி.

ஆழியாறு

மறக்கவில்லை தம்பி. பொள்ளாச்சி பக்கம் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். பெயர் கிடையாது, போர்டு கிடையாது. ஒரு தென்னந்தோப்பில் மோட்டார் ரூம் பக்கம். டீ உண்டு (கல்பாத்திக்காக அழுத்திச் சொல்கிறேன்). வாத்தியார் ஒருத்தர், டெய்லர் ஒருத்தர், பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து கள்ளு இறக்குகிற பையன் ஒருத்தன். பரிசோதனைக்குப் போக யாருக்காவது துணை வேண்டுமென்றால் ஒருவர் கூடப் போவோம், வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்காருவோம். இதைத் தவிர எங்களுக்குத் திட்டம், நோக்கம் எதுவும் இல்லை. தனி மெசேஜ் போடுங்கள். முதலில் பகலில், ஆள் நடமாட்டமுள்ள டீக்கடையில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் தோப்புக்கு வாருங்கள். நானும் அந்தக் கும்பல் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

செங்கோட்டை_பாசஞ்சர்

அண்ணா, இதைச் சொசைட்டியாகப் பதிவு செய்யலாமே? நிரந்தரமாக ஒரு அறையாவது கிடைக்கும்.

கல்பாத்தி_காபி

பதிவு செய்தால் தலைவர், செயலாளர், ஆடிட், அப்புறம் ஒரு டார்கெட். தோப்பு இருக்கும்வரை தோப்பே போதும்.

ஏலக்காடு

தோப்புக்காரர் மனசு மாறினால் என்ன செய்வீர்கள்? உங்களுக்குப் பாலக்காட்டில் சொந்த வீடு, கொச்சிக்கு ரயில். எங்களுக்குக் கம்பத்தில் தோப்பும் இல்லை, பதிவும் இல்லை. யாராவது ஒரு அறைக்கு வாடகை கொடுத்தால் டார்கெட் போட்டாலும் பரவாயில்லை என்றிருக்கும். பணமே ஆகாது என்று பேசுவது பணம் உள்ள ஊரில் எளிது.

ஆழியாறு

இந்தச் சண்டை இருபது வருஷமாக நடக்கிறது, இன்றைக்கு முடியாது. ஏலக்காடு தம்பி, உங்களுக்கும் தனியாக எழுதுகிறேன். தேனிப் பக்கம் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்கள்.

பனைநிழல்

போய்விட்டு வந்தாச்சு. பாலக்காடு மாவட்ட ஆஸ்பத்திரிதான். பொள்ளாச்சியிலிருந்து அந்த வாத்தியார் பஸ்ஸில் வந்து கூட இருந்தார். ஓ.பி. சீட்டு எடுத்து, டி.பி. வழி கேட்டு, ஜோதிஸ் போர்டைக் கண்டுபிடித்தேன். நான் தடுமாறி மலையாளத்தில் ஆரம்பித்ததும் அங்கே இருந்த ஆலோசகர் அம்மா "தமிழிலேயே சொல்லுங்க" என்றார், சித்தூர்க்காரராம். ஆண்களோடு என்று சொன்னேன். பேனா ஒரு நொடி நின்றது, அப்புறம் எழுதியது. எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டும் நெகட்டிவ். மூன்று மாதம் முடிந்ததும் திரும்ப வரச் சொன்னார்கள். ஹெபடைடிஸ் பியும் இல்லை. அதற்குத் தடுப்பூசி இதுவரை போட்டதில்லை என்றேன். வெளியே ஒரு கிளினிக்கில் முதல் ஊசி போட்டாச்சு. இரண்டாவது அடுத்த மாதம், அப்போது எனக்குக் கோவையில் டிரெயினிங். அங்கே போடலாமா, இல்லை இங்கேயே வர வேண்டுமா?

லேப்கோட்டு

எங்கே வேண்டுமானாலும் போடலாம். முதல் ஊசி போட்ட தேதி எழுதிய அட்டையைக் கொண்டுபோங்கள். மூன்றாவது முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம். 26 வயதுதானே, அங்கேயே எச்.பி.வி. என்ற பால்வினைக் கிருமிக்கான தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். ஆண்களுக்கும் போடுகிறார்கள், அது இலவசமாக இருக்காது.

வாளையார்_வண்டி

அந்த ஞாயிறு கூட்டம் எந்த வாரம்? எனக்கு இரண்டாவது ஞாயிறுதான் வண்டி ஓய்வு.